ஒன்பதாவது வேண்டுதல்

மார்ச் 15, சனி.

திருத்தம்: ஏழாம் தேதி வகுப்புக் குறிப்பில் ‘வாசித்த வேண்டுதல்கள்: எட்டு’ என்று எழுதியிருக்கிறேன். தவறு. ஒன்பது.

எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, ஓரத்தில் கையெழுத்திட்டால் தீர்ந்துபோகும் வேலை. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். கோடு போட்டேன். ஒன்பது என்று எழுதினேன். அதன்பிறகு பேனாவை மூட முடியவில்லை. இந்தக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1

கதை எழுதி எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வகுப்புக் குறிப்பு. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் சமய வகுப்பு எடுக்கிறேன். முடிந்ததும் நோட்டில் ஐந்து வரி: யார் வந்தார்கள், யார் வரவில்லை, என்ன பாடம், யார் பேசினார்கள், நாளைக்கு என்ன வேலை. செய்யாமல் விட்ட வேலை அடுத்த பக்கத்துக்கு நகரும். ஓரத்தில் ஒரு அம்புக்குறி போடுவேன். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். வருபவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பது என் வேலை.

கதையின் முதல் வாக்கியத்துக்கு நான் எழுதிப் பார்த்தவை:

‘அந்த வெள்ளிக்கிழமை மாலை மழை பிடித்துக்கொண்டது.’ மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

‘இருபத்து மூன்று முகங்களுக்கு நடுவே ஒரு முகம் மட்டும்’ விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

‘நான் ஒரு குழந்தையை’

இதை அடிக்கவில்லை. முடிக்கவும் தெரியவில்லை. ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியமெல்லாம் இரண்டாவது வார்த்தையிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால் இனி என்னையே டீச்சர் என்று சொல்லப்போகிறேன். டீச்சர் என்றால் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்க்கலாம். கண்ணுக்கு மிக அருகில் வைத்த எழுத்தை யாராலும் படிக்க முடியாது.

2

டீச்சரின் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். திரையில் இருபத்து மூன்று கட்டங்கள். பாதிக் கட்டங்களில் கேமரா அணைந்திருக்கும். மீதியில் காது, அலமாரி, யாரோ சாப்பிடும் கை. டீச்சர் ஒரு மணி நேரம் கருணையைப் பற்றிப் பேசுவாள். நடுவில் “கேக்குதா?” என்பாள். வக்கீல் என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி மட்டும் மைக்கைத் திறந்து, “கேக்குது மிஸ், ஆனா ஒரு சந்தேகம். கடவுளுக்கு எல்லாம் தெரியும்னா நாம ஏன் சொல்லணும்?” என்று மடக்குவாள். மற்றபடி மயான அமைதி.

பொறுப்பாளர் அக்கா மாதத்துக்கு ஒரு முறை வகுப்பின் பதிவைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவார்.

“ஏம்மா, நீ என்ன ரேடியோவா? நீ பாட்டுக்குப் பேசிட்டே போற. அந்தப் பக்கம் ஆள் இருக்கா, தூங்கிட்டாங்களான்னு பாக்க வேணாமா?”

“கேள்வி கேக்குறேன் அக்கா. யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க.”

“தொறக்க வைக்கணும். அதுக்குத்தானே நீ? பங்கேற்பு போன மாசம் முப்பத்தோரு சதவீதம். மேல கேட்டா நான் என்ன பதில் சொல்ல? உன்னைக் காட்டவா?”

டீச்சர் முறையாக வேலை செய்பவள். நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, செய்து பார்த்ததையெல்லாம் எழுதினாள். பேசினால் நட்சத்திரம்: இரண்டு வாரம் நின்றது. வினாடி வினா: வக்கீலே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டாள். முதல்முறை மைக்கைத் திறந்து பேசும் பிள்ளைக்கு எல்லோரும் கைதட்டும் பொத்தானை அழுத்த வேண்டும் என்ற விதி: இது பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று, பொத்தான் அழுத்துவதற்காகவே காத்திருந்தார்கள். ஆனால் பேசுவதற்குத்தான் ஆளில்லை.

பிறகு வேண்டுதல் பெட்டி.

வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம். பிள்ளைகள் தங்கள் வேண்டுதலை டீச்சருக்கு மட்டும் தெரியும்படி எழுதி அனுப்பலாம். டீச்சர் பெயர் சொல்லாமல் உரக்க வாசிப்பாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் எல்லோரும் மைக்கைத் திறந்து, “அப்படியே ஆகட்டும்” என்று சேர்ந்து சொல்ல வேண்டும்.

பெட்டி ஜெயித்துவிட்டது. முதல் நாள் மூன்று, அடுத்த வகுப்பில் ஐந்து. ‘கணக்கு சாருக்கு ஜுரம் வரணும். பெருசா வேண்டாம், ரெண்டு நாள் போதும்.’ ‘என் தம்பி மறுபடி குழந்தையா ஆகிடணும், இப்ப ரொம்ப வாய் பேசுறான்.’ ‘மாமா முழங்கால் வலி போகணும், அப்பதான் சைக்கிள் ஓட்டக் கத்துத் தருவாரு.’ இருபது மைக்குகள் ஒரே நேரத்தில் திறந்து, முன்னும் பின்னுமாக, எதிரொலியோடு, “அப்படியே ஆகட்டும்” என்று கத்தும்போது டீச்சருக்கு மயிர்க்கூச்செறியும். பெருமை. அதையும் இங்கே எழுதி வைக்கத்தான் வேண்டும்.

(அடிக்குறிப்பு. வேண்டுதல்களை முதலில் தனக்குள் படித்துவிட்டுப் பிறகு உரக்க வாசித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். முதல் நாள் அப்படித்தான் செய்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து விநாடி மௌனம் விழுந்தது. அந்த மௌனத்தில் ஆறு பிள்ளைகள் வெளியேறிவிட்டார்கள். நோட்டில் எழுதினாள்: ‘முன்கூட்டிப் படிக்கக் கூடாது. வேகம் முக்கியம்.’ வேகம் என்ற சொல்லின் அடியில் இரண்டு கோடு.)

3

இப்போது இந்தக் கதையின் முக்கியமான ஆள் வர வேண்டும். இவளைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். எனக்குத் தெரிந்தது அவ்வளவு குறைவு.

அவள் கட்டத்தின் கீழே ‘அம்மா டேப்’ என்று இருக்கும். அம்மாவின் டேப்லெட்டில் வருகிறாள் என்று அர்த்தம். அவள் எப்போதும் அதைத் தாழ வைத்துவிடுவதால் திரையில் சுவரும் மின்விசிறியும் அடியில் ஒரு துண்டு நெற்றியும் தெரியும். பிள்ளைகள் ‘நெத்தி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “மிஸ், நெத்தி வந்தாச்சு.” நெற்றி லேசாக மேலே போய்க் கீழே வரும். அதுதான் வணக்கம்.

அவள் குரலை ஆறு மாதத்தில் டீச்சர் கேட்டதில்லை. நோட்டில் ‘அம்மா டேப்’ என்பதற்கு நேரே: வந்தாள், பேசவில்லை. வந்தாள், பேசவில்லை. ஒரு வகுப்பும் தவறியதில்லை. மணி ஆறுக்கு வகுப்பு என்றால் ஐந்து ஐம்பதுக்கே காத்திருப்போர் பட்டியலில் ‘அம்மா டேப்’ நிற்கும். முடிந்ததும் கடைசியாக வெளியேறுவதும் அதுதான். ஒருமுறை மட்டும், மைக் தெரியாமல் திறந்திருந்தபோது, ஒரு பெண் குரல், “கொஞ்ச நேரம் அங்கேயே இரு கண்ணு, வகுப்பு முடிஞ்சாலும் இரு” என்றது. பக்தியுள்ள குடும்பம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

(இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். அப்படித்தான் நினைத்தாள். இருக்கட்டும்.)

4

மார்ச் 7, வெள்ளி. பாடம்: கேட்டதைக் கொடுப்பவர். வந்தவர்கள்: இருபத்து இரண்டு. பெட்டியில் ஒன்பது வேண்டுதல்கள், இதுவரை இல்லாத எண்ணிக்கை. டீச்சர் உற்சாகமாக இருந்தாள். எட்டு முடிந்தது. எட்டு முறை வீடு அதிரச் சொன்னார்கள். ஒன்பதாவதை எடுத்தாள். வாசிக்கும் குரலை அவள் கொஞ்சம் இழுத்து, ராகம் போட்டுப் பழக்கியிருந்தாள். அந்த ராகத்திலேயே வாசித்தாள்:

“அப்பாவோட பெல்ட்டு அப்பாவுக்குக் கிடைக்கக் கூடாது.”

இரண்டு மூன்று கட்டங்களில் சிரிப்பு மூஞ்சிகள் எழும்பின. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. ஏதோ வாலு வேலை என்று அடுத்த வரிக்குத் தாவினாள். கண் எப்போதும் வாய்க்கு இரண்டு சொல் முன்னால் ஓடும். புத்தி நாலு சொல் பின்னால் வரும்.

“வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி போட்டிருக்கேன். கடவுளே, நீங்களும் சொல்லிடாதீங்க.”

வாசித்து முடித்த பிறகுதான் அவளுக்குப் படித்தது புரிந்தது.

அதற்குள் மைக்குகள் திறந்துவிட்டன. விதி அது. டீச்சர் வாசித்து முடித்தால் எல்லோரும் சொல்ல வேண்டும். சொன்னார்கள். இருபத்தோரு குரல். ஒரு பிள்ளை விடாமல் பேசிய ஒரே தருணம், இந்த வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து.

“அப்படியே ஆகட்டும்.”

யார் அனுப்பியது என்று டீச்சரின் திரையில் மட்டும் இருந்தது. அம்மா டேப். டீச்சர் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நெற்றி அசையாமல் இருந்தது. அந்த அறையில் ஒலிபெருக்கி திறந்திருந்ததா, காதில் மாட்டியிருந்தாளா, டீச்சருக்குத் தெரியாது. பிறகு நெற்றி சட்டென்று இடப்பக்கம் திரும்பியது, கதவு இருக்கும் பக்கமாக இருக்கலாம். சுவர் மட்டும் தெரிந்தது. மின்விசிறி மட்டும். கட்டம் காணாமல் போனது. மீதிக் கட்டங்கள் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன.

வக்கீல் மைக்கைத் திறந்தாள். “மிஸ், ஒரு சந்தேகம்.”

“இன்னைக்கு நேரமாச்சு கண்ணா.”

“இல்ல மிஸ், சொல்லாதீங்கன்னு எழுதினா நீங்க வாசிக்கலாமா?”

டீச்சர் வகுப்பை முடித்தாள்.

5

இனி வருவதில் எனக்குப் பொறுப்பாளர் அக்கா மேல் சந்தேகம் இருக்கிறது. அக்கா மேல் என்றால் அக்காவை நான் எழுதும் விதத்தின் மேல். முதல் முறை எழுதியபோது அவரைச் சரியான வில்லியாக்கிவிட்டேன். கண்ணைச் சுருக்கினார், குரலைத் தாழ்த்தினார் என்றெல்லாம். நடந்தது தொலைபேசியில். அவர் கண்ணை நான் பார்க்கவே இல்லை. என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் நின்றவர் அவர்தான். அதனால் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 8, சனி, காலை. வகுப்பின் பதிவைப் பெற்றோர் குழுவில் போடுவது டீச்சரின் வழக்கம். போடும் முன் அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அய்யய்யோ. யாரும் கேட்டாங்களா?”

“எல்லாப் பிள்ளைங்களும் கேட்டுச்சு அக்கா. யாரோடதுன்னு தெரியாது.”

“அப்ப அந்த இடத்த மட்டும் வெட்டிடு.”

“வெட்டிட்டு?”

“வெட்டிட்டுப் போடு. இல்லாட்டி நாளைக்கு நாப்பத்தாறு அப்பா அம்மா உக்காந்து, இது யார் வீட்டுப் பிள்ளை, யார் வீட்டு பெல்ட்டுன்னு ஆராய்ச்சி பண்ணுவாங்க. அந்தப் பிள்ளை தெருவுல நடக்க முடியுமா? யோசிச்சுப் பாரு.”

“அக்கா, அவ வீட்டுல…”

“வீடுன்னா ஆயிரம் இருக்கும்மா. நாம வேதம் சொல்லித் தர வந்தோம், வீட்டுக்குள்ள எட்டிப் பாக்க வரல. நோட்டுல எட்டுன்னு போட்டுக்கோ. பதிவுல எட்டு, நோட்டுல ஒன்பதுன்னு இருந்தா அதுக்கு வேற கேள்வி வரும்.”

ஆகவே முதல் பக்கத்தில் நான் ஒப்புக்கொண்ட தவறு, தவறே அல்ல. எண்ணத் தெரியாமல் எட்டு என்று எழுதவில்லை. வெள்ளி இரவு ஒன்பது என்று சரியாக எண்ணி, அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு, அக்கா சொன்னபிறகு எட்டு என்று எழுதினேன். சின்னத் தவறு ஒன்றை முன்னால் வைத்தால் உங்களுக்கு என் மேல் நம்பிக்கை வரும் என்று நினைத்திருக்கிறேன் போல. வந்ததா?

மூலப் பதிவை மட்டும் அழிக்கவில்லை. டீச்சர் எதையும் அழிப்பதில்லை. ‘மூலம்’ என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறாள். அதில் போட்டாள். நோட்டில் ‘நாளை: நெற்றியின் சேர்க்கைப் படிவத்தைக் கேட்டு விலாசம் வாங்க வேண்டும்’ என்று எழுதினாள். மறுநாள் அந்த வரி அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது. அம்புக்குறி. அதற்கு மறுநாளும். செவ்வாய் வகுப்புக்கு அம்மா டேப் வரவில்லை. அம்புக்குறி.

6

மார்ச் 14, வெள்ளி. ஐந்து ஐம்பதுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு புதிய பெயர் நின்றது: ‘அப்பா ஃபோன்’.

உள்ளே விட ஒரு பொத்தான், மறுக்க ஒரு பொத்தான். டீச்சரின் விரல் கொஞ்ச நேரம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. யாரையும் மறுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். உள்ளே விட்டாள்.

முதல்முறையாக நெற்றியின் முழு முகத்தையும் பார்த்தாள். படியச் சீவிய தலை, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. ஃபோன் மிகச் சரியான உயரத்தில், அசையாமல் வைக்கப்பட்டிருந்தது. மூக்கில் சின்ன மச்சம். ஆறு மாதமாக அந்த மச்சம் திரைக்குக் கீழே இருந்திருக்கிறது. பக்கத்திலிருந்து ஒரு பெரிய கை வந்து ஃபோனை ஒரு நூல் இழை அளவு நேராக்கிவிட்டுப் போனது.

“வணக்கம் டீச்சர்.” கைக்குச் சொந்தக்காரரின் குரல். மென்மையான குரல். “பாப்பா எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்னு ஆசைப்படுது. ரெண்டே நிமிஷம்.”

சிறுமி பேசினாள்.

“வணக்கம். போன வாரம் நான் எழுதுன வேண்டுதல் உண்மை கிடையாது. விளையாட்டுக்கு எழுதினேன். எங்க அப்பா ரொம்ப நல்லவரு. உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிறேன்.”

அழகான குரல். கொஞ்சம் கட்டை. டீச்சர் அதைக் கேட்கவில்லை, கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் தொழில். சிறுமியின் கண்கள் கேமராவுக்கு ஒரு சாண் மேலே, இடமிருந்து வலம் மெல்ல நகர்ந்தன, ஓரத்துக்குப் போனதும் குதித்து இடப்பக்கம் வந்தன, மறுபடி வலம். நான்கு வரி. எழுத்து பெரிதாக இருந்திருக்க வேண்டும். பார்வையில் குறை எதுவும் இல்லை.

அவள் முடித்ததும் கைகள் எழும்பின. ஒன்று, ஐந்து, பதினைந்து. முதல்முறை பேசும் பிள்ளைக்கு எல்லோரும் கைதட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மஞ்சள் நிறக் கைகள் இருபத்தொன்றும் திரையில் தட்டிக்கொண்டேயிருந்தன.

டீச்சரும் அழுத்தினாள். விரல் தானாகப் போனது.

“மிஸ், ஒரு சந்தேகம்.” வக்கீல். “அந்த பெல்ட்டு வேண்டுதலா? அது பதிவுல இல்லையே மிஸ். நான் திரும்பப் பாத்தேன். எட்டுதான் இருக்கு.”

சிறுமியின் கண்கள் அப்போதுதான் சுவரை விட்டுக் கேமராவுக்கு இறங்கின. டீச்சரை நேராகப் பார்த்தாள். டீச்சர் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தாள்.

“எட்டுதான் கண்ணா,” என்றாள் டீச்சர். “எட்டுதான் இருந்துச்சு.”

“நன்றி டீச்சர்,” என்றது மென்மையான குரல். “நல்லா சொல்லித் தர்றீங்க. இனிமே நானும் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன். எல்லாருமா சேர்ந்து கேக்குறோம்.”

எல்லாரும் என்றால் யார் யார் என்று டீச்சர் கேட்கவில்லை. நோட்டில் எழுதினாள்: ‘அப்பா ஃபோன்: வந்தாள், பேசினாள். அம்மா டேப்: வரவில்லை.’ பேசியவர்கள் பத்தியில் ஒரு குறி போட்டாள். அன்றைய கணக்கை அக்காவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: ‘வந்தவங்க எல்லாரும் பேசியாச்சு!! நூறு சதவீதம்!! உன்னால முடியும்னு எனக்குத் தெரியும்.’

7

மார்ச் 16, ஞாயிறு.

முடிவு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. டீச்சர் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போகிறாள். மேசைக்குப் பின்னால் ஒரு பொறுமையான பெண். “நீங்க வந்தது ரொம்ப நல்லதும்மா” என்று தண்ணீர் கொடுக்கிறாள். அன்றைக்கே வண்டி கிளம்புகிறது. கதவைத் திறக்கும் சிறுமி டீச்சரைப் பார்த்து

இங்கே நிறுத்திவிட்டேன். கை ரொம்ப வேகமாக ஓடியது. வேகத்தை இனி நான் நம்புவதில்லை. அந்தப் பெண் முதலில் கேட்கப்போவது “எப்ப நடந்துச்சு?” என்றுதான். “இத்தனை நாள் என்ன பண்ணீங்க?” என்பது இரண்டாவது.

இரண்டாவது முடிவு. ஒரு நாள் கண்ணாடிக் கடைக்கு ஒரு பெண் வருகிறாள். அவள் மூக்குக்கண்ணாடியின் சட்டம் ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, ஒரு லென்ஸ் விரிசல். “கீழ விழுந்துடுச்சு” என்கிறாள். டீச்சருக்குக் குரல் அடையாளம் தெரிகிறது: கொஞ்ச நேரம் அங்கேயே இரு கண்ணு. இருவரும்

இதெல்லாம் கதைகளில்தான் நடக்கும். ஆனால் ஒரு வாரமாகக் கடைக்குள் வரும் ஒவ்வொரு பெண்ணின் சட்டத்தையும் வாங்கி, மேசைமேல் கவிழ்த்து, கால்கள் இரண்டும் சமமாகப் படிகின்றனவா என்று பார்க்கிறேன். முதலாளி, “என்னம்மா, எல்லாத்தையும் போலீஸ் மாதிரி பாக்குறே?” என்றார்.

மூன்றாவது முடிவு. வருடக் கடைசி விழா. சிறந்த பங்கேற்புக்கான சான்றிதழ், ஆறு மாத மௌனத்துக்குப் பிறகு பேசிய சிறுமிக்கு. அப்பாவும் மகளும் சேர்ந்து சான்றிதழைக் கேமராவுக்குக் காட்டுகிறார்கள். மஞ்சள் கைகள் தட்டுகின்றன. இந்த முடிவை நான் எழுதவே வேண்டாம். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும், அது பாட்டுக்கு நடந்துவிடும். அக்கா ஏற்கெனவே அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இது தெளிவா, அது தெளிவா?

நாற்காலியில் உட்காருபவர்களில் பாதிப் பேர் ஐந்தாவது லென்ஸுக்கு மேல் சோர்ந்துபோய், “ரெண்டும் ஒண்ணுதான்மா, ஏதோ ஒண்ணைப் போடுங்க” என்பார்கள். அப்போது நான் விடமாட்டேன். தவறான லென்ஸோடு தெருவில் இறங்கப் போவது அவர்கள்தானே.

முடிவை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றும் யோசித்தேன். இம்மாதிரிக் கதைகளில் அப்படிச் செய்வார்கள் என்று தெரியும். வாசகரே, நீங்களே தீர்மானியுங்கள் என்று ஒரு வரி. ஆசிரியர் எழுந்து போய்விடலாம். அந்த வரியை எழுதியும் பார்த்தேன். பிறகு உரக்க வாசித்தேன். வாசித்ததும் எனக்குக் கேட்டது: இருபத்தோரு குரல். ஒரு குழந்தை எனக்கு மட்டும் எழுதி அனுப்பியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, எல்லோரையும் ஒரு வார்த்தை சொல்லவைத்து, வகுப்பை முடித்தவள் நான். இப்போது உங்களிடம் செய்ய இருந்ததும் அதேதான். நீங்கள் நல்லவர்கள். கட்டாயம் வருந்துவீர்கள். மைக்கைத் திறந்து சொல்வீர்கள்.

வேண்டாம். முடிவை உங்களுக்குத் தரவில்லை. அது எனக்கு மட்டும் அனுப்பப்பட்டது.

8

மார்ச் 17, திங்கள்.

கடையில் மதிய இடைவேளையில் அக்காவைக் கூப்பிட்டேன். (இனி டீச்சர் இல்லை. நான்தான்.)

“அக்கா, அந்தப் பிள்ளையோட சேர்க்கைப் படிவம் வேணும். பேரு, விலாசம்.”

“சான்றிதழுக்கா? பேரை நானே அனுப்புறேன்.”

“சான்றிதழுக்கு இல்ல. குழந்தைகள் நல அலுவலகத்துக்கு.”

அக்காவின் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது.

“ஏம்மா, அதான் அந்தப் பிள்ளையே வந்து பொய்யின்னு சொல்லிடுச்சே?”

“பாத்துப் படிச்சா அக்கா. சுவத்துல ஒட்டி வெச்சிருந்தாங்க. கண்ணு போற விதம் எனக்குத் தெரியும்.”

“கண்ணு போச்சாம். இதை அங்க போய்ச் சொன்னா சிரிப்பாங்க. அப்புறம் வகுப்புக்கு ஒரு பிள்ளை வராது, தெரியுமா உனக்கு? இருபத்து மூணும் போயிடும். கஷ்டப்பட்டுச் சேத்தது.”

“தெரியும்.”

“உன்னையும்தான் கேப்பாங்க. நீதான் வாசிச்சே. நீதான் வெட்டினே.”

“ஆமா அக்கா. அதையும் சொல்லத்தான் போறேன். வெட்டச் சொன்னது யாருன்னு கேட்டா அதையும் சொல்லணும்.”

குக்கர் இரண்டு விசில் அடித்தது. அவர் ஃபோனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஏதோ அலமாரி திறக்கும் சத்தம், தாள் புரளும் சத்தம்.

“எழுதிக்கோ,” என்றார். கதவு எண், தெரு, மாடி. நிதானமாக, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை. எழுதிக்கொண்டேன். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அம்மாவின் எண் மட்டும் இருந்ததாம். அதையும் சொன்னார். அந்த எண்ணுக்குப் போன செவ்வாயே தான் அடித்துப் பார்த்ததாகவும், அணைந்திருப்பதாக வந்ததாகவும் சொன்னார்.

“செவ்வாயேவா? எங்கிட்டச் சொல்லலையே அக்கா.”

“நீ எங்கிட்டக் கேட்டியா?”

அவர் குரல் இறங்கியது.

“விலாசம் நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதம்மா.”

கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை ஒன்பதாவது வேண்டுதலில் நான் வாசித்திருக்கிறேன். இந்த முறை உரக்கச் சொல்லவில்லை. “கேட்டா சொல்லுவேன் அக்கா” என்று மட்டும் சொன்னேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

(அடிக்குறிப்பு. இதை எழுதும்போது மணி மாலை நாலு. நான் போவது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. அதிகாரிகள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன பிறகு அந்த வீட்டுக் கதவு மூடும். மூடிய பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துப் பத்து நாள் கழித்தேன். அந்தப் பத்து நாளும் அந்தக் கதவு மூடித்தான் இருந்தது.)

மேலே எட்டாம் தேதியிலிருந்து வரிசையாக ஒன்பது அம்புக்குறிகள். கடைசி அம்புக்குறிக்கு நேரே ‘முடிந்தது’ என்று எழுதினேன். விலாசம் கையில் இருக்கிறது. கீழே எழுதுவது நகர்த்தியது அல்ல, புதிது.

நாளை, மார்ச் 18, செவ்வாய்: காலை பத்து மணி, குழந்தைகள் நல அலுவலகம். கடையில் அரை நாள் விடுப்பு சொல்லியாகிவிட்டது. எடுத்துப் போக வேண்டியவை: வெட்டாத பதிவு, விலாசம், அம்மாவின் எண், இந்த நோட்டு. முதலில் சொல்ல வேண்டியது: வேண்டுதல்கள் ஒன்பது. மாலை ஆறு மணிக்கு வகுப்பு உண்டு. ஐந்து ஐம்பதுக்குப் பட்டியலில் எந்தப் பெயர் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.